பாசிக்கு மருந்து கேட்பவர்களுக்கு

சித்திரை வெயில் ஏறத் தொடங்கியதும் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி மீன்தொட்டிப் பாசியைப் பற்றியதாகத்தான் இருக்கும். "அண்ணே, டேங்க் முழுக்கப் பச்சையா நூல் நூலா வந்துடுச்சு, எந்த மருந்து ஊத்தணும்?" சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் ஆசையாக வாங்கி வந்த செடிகள், இரண்டடித் தொட்டி, சின்ன மீன் கூட்டம், மேலே பளிச்சென்று ஒரு எல்இடி விளக்கு. ஒரு மாதம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்திருக்கும். அப்புறம் இலை ஓரங்களில் கறுப்புத் தாடி, கண்ணாடியில் பச்சைப் புள்ளி. நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "தம்பி, லைட்டு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் எரியுது?" "காலையில போட்டா ராத்திரி படுக்கப் போறப்பதான் அணைப்போம்ணே" என்ற பதில் பாதிப் பேரிடமிருந்து வந்துவிடும்.

பாசி வெளியிலிருந்து வந்து தொற்றிய நோய் என்று நினைப்பதால்தான் மருந்து தேடத் தோன்றுகிறது. பாசியின் வித்துகள் தண்ணீரிலும் காற்றிலும் செடியின் இலைகளிலும் எப்போதும் இருக்கின்றன. போட்டிக்கு அனுப்பும் அழகான தொட்டியின் கண்ணாடியையும் விரலால் தேய்த்தால் வழுக்கும். அங்கே செடிகள் ஓயாமல் வளர்வதால் பாசி தலையெடுக்க வழியில்லை. செடியின் வளர்ச்சி நின்ற வாரத்தில் அது எழும்புகிறது. ஆகவே செடித்தொட்டி, அதாவது செடி வளர்க்கும் மீன்தொட்டி, வைத்திருப்பவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, என் செடி ஏன் வளரவில்லை என்பதுதான். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கேள்வியைப் பற்றியது.

விளக்கிலிருந்து தொடங்குகிறேன். செடி எவ்வளவு வேகமாக வளர வேண்டும் என்பதை ஒளிதான் தீர்மானிக்கிறது. ஒளி கூடினால் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், இரும்பு எல்லாமே அதற்கேற்பக் கூடுதலாக வேண்டும். அவற்றில் எது மிகக் குறைவோ, அதன் அளவுக்குத்தான் வளர்ச்சி நடக்கும். 19ஆம் நூற்றாண்டில் யுஸ்டஸ் ஃபான் லீபிக் என்ற ஜெர்மானிய வேதியியலர் பயிர்களை வைத்துப் பரப்பிய விதி இது. வயலுக்குச் சொன்னது தொட்டிக்கும் அப்படியே பொருந்துகிறது. அடுப்பில் தீயைக் கூட்டிக்கொண்டே போய் உலையில் தண்ணீர் ஊற்றாமல் விட்டால் பாத்திரம் தீய்வதுபோல, சத்தில்லாமல் ஒளியை மட்டும் வாங்கும் இலை பழுதாகிறது. பழுதான இலைதான் பாசிக்கு உட்காரும் இடம்.

பாசிக்கு வேண்டியது மிகக் கொஞ்சம். ஒற்றைச் செல்லாகவோ மெல்லிய நூலாகவோ இருப்பதால் அதன் உடம்பு முழுக்கத் தண்ணீரைத் தொட்டபடி இருக்கிறது. சோதனைக் குப்பியில் பூஜ்யம் என்று காட்டும் தண்ணீரிலிருந்தும் அது தனக்கானதை எடுத்துக்கொள்ளும். எனவே சத்தைக் குறைத்துப் பாசியைப் பட்டினி போடலாம் என்று இறங்குகிறவர்கள் முதலில் செடியைத்தான் பட்டினி போடுகிறார்கள்.

ஆறு மணி நேரம். பாசி வந்த தொட்டிக்கு நான் சொல்லும் ஒளி நேரம் அவ்வளவுதான். ஒரு டைமர் வாங்கி மாட்டிவிடுங்கள், கைமறதிக்கு இடமிருக்காது. மாலையில் வீட்டில் இருக்கும்போது மீனைப் பார்க்க வேண்டுமென்றால் நான்கு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு முடியட்டும். ஜன்னல் வழியாக நேரடி வெயில் விழுகிறதா என்றும் பாருங்கள். பங்குனி, சித்திரையில் கிழக்கு ஜன்னல் வழியாக ஒரு மணி நேரம் விழும் வெயில், நீங்கள் விலை கொடுத்து வாங்கிய விளக்கைவிட வலுவானது. விளக்கில் மங்கலாக்கும் வசதி இல்லையென்றால் நான்கைந்து அங்குலம் உயர்த்திக் கட்டுங்கள். பாசி குறைய ஆரம்பித்ததும் எட்டு மணி நேரம் வரை மெதுவாகப் போகலாம்.

இனி பாஸ்பேட். "பாஸ்பேட் இருந்தால் பாசி வரும்" என்ற பேச்சு இன்னும் கடைகளில் உலவுகிறது. அதற்கு ஒரு கௌரவமான வரலாறு உண்டு. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில், ஆராய்ச்சிக்காகவே ஒதுக்கப்பட்ட ஏரிகளில் 226ஆம் எண் ஏரியை 1973ல் ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லரின் குழு நடுவில் திரை கட்டி இரண்டாகப் பிரித்தது. ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும் இட்டார்கள். மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் விழுந்த பக்கம் மட்டும் பச்சைக் குழம்பானது. வானிலிருந்து எடுத்த அந்தப் படம், சலவைப் பொடியில் பாஸ்பேட் ஏன் கூடாது என்பதைப் பாமரருக்கும் புரிய வைத்தது. அந்தப் பாடம் மீன்தொட்டிக்கும் வந்தது. 1990களில் பால் சியர்ஸ், கெவின் கான்லின் என்ற இருவர், மற்ற சத்துகளைத் தாராளமாகக் கொடுத்துப் பாஸ்பேட்டை மட்டும் இறுக்கிப் பிடித்தால் செடி வளரும், பாசி அடங்கும் என்று வாதிட்டார்கள். மற்ற சத்துகளைக் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் சொன்னது பெரிய முன்னேற்றம். பாஸ்பேட்டைப் பற்றிச் சொன்னதை அமெரிக்காவின் செடித்தொட்டிக்காரர் டாம் பார் மறுத்தார். செடி நிறைந்த தொட்டியில் பாஸ்பேட்டை வேண்டுமென்றே சேர்த்துக் காட்டினார், பாசி வரவில்லை. நைட்ரேட் 5 முதல் 30 பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்), பாஸ்பேட் 1 முதல் 3 பிபிஎம், வாரம் பாதித் தண்ணீர் மாற்றம் என்று அவர் வகுத்த முறையைத்தான் இன்று உலகம் முழுக்கப் பலர் பின்பற்றுகிறார்கள்.

226ஆம் ஏரியில் பாஸ்பரஸை எடுத்துக்கொள்ளக் காத்திருந்தவை மிதக்கும் நுண்ணுயிர்கள். நம் தொட்டியில் அதே சத்துக்குக் கை நீட்டி நிற்பவை இலையும் வேருமாக நாம் நட்ட செடிகள். செடி நிறைந்த ஆழமில்லாத ஏரியில் தண்ணீர் தெளிவாக இருப்பதும், செடி போன ஏரி பச்சையாகக் கலங்கி அப்படியே நிலைத்துவிடுவதும் ஏரிகளை ஆராய்பவர்கள் நன்கறிந்த விஷயம். கரையெல்லாம் சிமென்ட் பூசி ஒரு செடிகூட இல்லாத பல தெப்பக்குளங்கள் கோடையில் பட்டாணிச் சாறு நிறத்துக்கு மாறுவதை நாமே பார்க்கிறோம். எனவே புதுத் தொட்டி வைப்பவர்களுக்கு என் கண்டிப்பான யோசனை, முதல் நாளே தரையில் முக்கால் பங்கு மறையும்படி செடி நடுங்கள். விலை உயர்ந்த செடி வேண்டாம். ஹைட்ரில்லா, வாலிஸ்நேரியா, ஹார்ன்வோர்ட், லிம்னோஃபிலா போன்ற வேகமாக வளரும் மலிவான செடிகள் போதும். தொட்டி நிலைபெற்ற பிறகு அவற்றை எடுத்துவிட்டு விரும்பியதை வைத்துக்கொள்ளலாம். அனுபியாஸையும் ஜாவா ஃபெர்னையும் மட்டும் நான்கைந்து வைத்துவிட்டுப் பிரகாசமான விளக்குப் போடுவது பாசியை அழைத்து உட்கார வைப்பதற்குச் சமம். அவை மாதத்துக்கு ஓர் இலை விடும் சோம்பலான செடிகள்.

உரத்துக்கு நம் ஊரில் ஒரு வசதி இருக்கிறது. சொட்டுநீர்ப் பாசனத்துக்கு விற்கும் நீரில் கரையும் உரங்களில் 13:0:45 என்பது பொட்டாசியம் நைட்ரேட். 0:52:34 என்பது மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். உரக்கடையில் ஒரு கிலோ வாங்கினால் இரண்டடித் தொட்டிக்கு வருடக்கணக்கில் வரும். 50 லிட்டர் தண்ணீரில் 1 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் போட்டால் நைட்ரேட் சுமார் 12 பிபிஎம் ஏறும். 0.1 கிராம் பாஸ்பேட் உப்பு போட்டால் பாஸ்பேட் 1.4 பிபிஎம் ஏறும். வீட்டுத் தராசில் 0.1 கிராம் நிறுக்க முடியாது. 10 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து வைத்துக்கொண்டால் 10 மில்லியில் அந்த அளவு இருக்கும். இரும்பும் நுண்சத்துகளும் தனியாக வாங்க வேண்டும். 19:19:19 மட்டும் வாங்காதீர்கள். அதில் யூரியாவும் அம்மோனியமும் இருக்கின்றன. மீனுக்கு ஆபத்து, பாசிக்குக் கொண்டாட்டம்.

அம்மோனியாவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீரே பச்சையாகிவிடும் சிக்கலை நான் பார்த்த இடங்களில் பெரும்பாலும் அம்மோனியா ஏறிய ஏதோ ஒரு நிகழ்வு முன்னால் இருந்திருக்கிறது. ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவிக் குளோரினால் அம்மோனியாவைத் தின்னும் நல்ல பாக்டீரியாவைக் கொன்றிருப்பார்கள், அல்லது மண்ணைக் கிளறிச் செடியைப் பிடுங்கி இடம் மாற்றியிருப்பார்கள், அல்லது செத்த மீன் கல்லுக்குப் பின்னால் கிடந்திருக்கும். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். பச்சைத் தண்ணீருக்கு யுவி (புற ஊதா) விளக்கு வைத்த ஃபில்டர் நன்றாகவே வேலை செய்யும். அது இல்லையென்றால் மூன்று நாள் தொட்டியைக் கம்பளியால் முழுக்க மூடுங்கள். காற்றுக் குழாய் ஓடிக்கொண்டே இருக்கட்டும். செடி சேமித்து வைத்த மாவுச்சத்தில் தாக்குப்பிடிக்கும். திறந்ததும் பாதித் தண்ணீரை மாற்றுவது முக்கியம், செத்த பாசி அழுகி மறுபடி அம்மோனியாவைக் கொடுக்கும்.

நம் ஊர்த் தொட்டிகளில் உண்மையான முட்டுக்கட்டை கார்பன்தான் என்பது என் உறுதியான எண்ணம். காற்றோடு சமநிலையில் நிற்கும் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு அரை பிபிஎம்முக்குச் சற்று மேலேதான் இருக்கும். செடித்தொட்டிக்காரர்கள் சிலிண்டர் வைத்து எட்டப் பார்ப்பது 20 முதல் 30. போதாக்குறைக்கு இந்த வாயு காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் பரவுவது சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாக. அதனால்தான் இலைமேல் தண்ணீர் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்கிறோம். ஃபில்டரின் வாயைத் திருப்பி, தொட்டியின் எல்லா மூலையிலும் செடி லேசாக அசைகிறதா என்று பாருங்கள். அசையாத மூலையில்தான் பாசி முதலில் தெரியும்.

சென்னையின் பல பகுதிகளில் போர் தண்ணீர் கடினமானது. கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தாலே தெரியும். அந்தத் தண்ணீரில் கார்பன் பெரும்பாலும் பைகார்பனேட்டாக இருக்கிறது. எல்லாச் செடிகளுக்கும் அதை எடுத்துக்கொள்ளும் திறமை கிடையாது. பாசி வகைகளில் பலவற்றுக்கு உண்டு. செடிகளில் ஹைட்ரில்லா, வாலிஸ்நேரியா, ஹார்ன்வோர்ட் மூன்றுக்கும் உண்டு. பள்ளி ஆய்வகத்தில் புனலுக்கு அடியில் ஹைட்ரில்லாவை வைத்துத் தண்ணீரில் ஒரு சிட்டிகை சோடியம் பைகார்பனேட் போட்டதும் குமிழ்கள் விரைந்து எழுந்தது நினைவிருக்கும். அந்தச் சோதனைக்கு இந்தச் செடி தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஹைட்ரில்லா இன்னும் ஒரு படி மேலே போகிறது. கோடை வெப்பத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும்போது தன் ஒளிச்சேர்க்கையைச் சோளம், கரும்பு செய்யும் வகைக்கு நெருக்கமான முறைக்கு மாற்றிக்கொள்கிறது. குளத்தில் அள்ளிக் கிடைக்கும் செடி என்று இதை ஒதுக்குபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். சிலிண்டர் இல்லாமல், போர் தண்ணீரில், மே மாத வெயிலில் பாசியோடு நேருக்கு நேர் நிற்கும் செடி இது.

வெப்பம் ஏறும்போது தண்ணீரில் வாயு கரைவது குறையும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் 7.6க்கு இறங்கிவிடும். அதே நேரம் மீனும் பாக்டீரியாவும் கூடுதலாக மூச்சு வாங்கும். தண்ணீர்ப் பரப்பில் சின்ன மின்விசிறியைத் திருப்பி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகிப் போன தண்ணீருக்குப் பதில் போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு மட்டும் சேர்ந்துகொண்டே போகும். ஈடுகட்ட ஆர்ஓ தண்ணீரோ மழைநீரோ ஊற்றுங்கள். 2003ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானபின் மாடிக் குழாய் இல்லாத வீடு குறைவு. முதல் மழையைப் போகவிட்டு, ஐப்பசியில் இரண்டு டிரம் பிடித்து மூடி வைத்தால் வெகுநாள் கலந்துகொள்ளலாம்.

சிலிண்டர் வைத்திருப்பவர்களின் தொட்டியில் வரும் கறுப்புத் தாடிப் பாசிக்கு நான் கண்ட பெரிய காரணம் அளவின் ஏற்ற இறக்கம். ஒரு நாள் 30, மறுநாள் 10. சர்க்கரையும் ஈஸ்ட்டும் வைத்துப் பாட்டிலில் வாயு தயாரிப்பவர்களுக்கு இது வாராவாரம் நடக்கும். கரண்ட் போனால் வாயுவைத் திறந்து மூடும் மின்வால்வான சோலனாய்டு மூடும், ஃபில்டர் நிற்கும், திரும்ப வந்தபிறகு அளவு பழைய நிலைக்கு வர மணிக்கணக்கு ஆகும். விளக்கு எரிவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே வாயுவைத் திறந்து, விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மூடும்படி இன்னொரு டைமர் வைப்பது நல்லது. சீராகக் கொடுக்க முடியாதென்றால் வாயுவே வேண்டாம். விளக்கைக் குறைத்து, அதற்கேற்ற செடிகளோடு வாழ்வது மேல்.

இந்தக் கறுப்புப் பாசி தாவரவியல் கணக்கில் சிவப்புப் பாசி இனம். சாராயத்தில் போட்டால் சிவந்துவிடும். அது ஒட்டிய இலையை வெட்டிவிடுவதுதான் முதல் வேலை. வெட்ட முடியாத கட்டைக்கும் கல்லுக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு உதவும். நம் மருந்துக்கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதக் கரைசல், வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வது 3 சதவீதம். புட்டியைப் பார்த்து, 6 என்றிருந்தால் சம அளவு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். ஃபில்டரை நிறுத்தி, ஊசியில்லாத சிரிஞ்சால் பாசிமேல் நேராக மெதுவாக விடுங்கள், பத்து நிமிடம் கழித்து ஃபில்டரைப் போடுங்கள். 10 லிட்டர் தொட்டித் தண்ணீருக்கு இந்த 3 சதவீதக் கரைசல் 2 முதல் 3 மில்லிக்கு மேல் ஒருநாளும் போகாதீர்கள். இரண்டு மூன்று நாளில் தாடி இளஞ்சிவப்பாகும், பிறகு இறால்கள் மேய்ந்துவிடும். திரவக் கார்பன் என்று விற்பதில் பலவும் குளுட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினி வேதிப்பொருள் சார்ந்தவை. அது பாசியைக் கொல்லும், கூடவே வாலிஸ்நேரியாவையும் கரைத்துவிடும். கையில் படக்கூடாது, ஆவியை முகரக் கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டில் வைக்க நான் சொல்லமாட்டேன்.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புதுத் தொட்டியில் வரும் பழுப்புத் தூள் டையாட்டம் என்ற நுண்பாசி, துடைத்துக்கொண்டே இருந்தால் சில வாரங்களில் தானே போகும். கண்ணாடியிலும் அனுபியாஸ் இலையிலும் வரும் கெட்டியான பச்சைப் புள்ளி, பெரும்பாலும் பாஸ்பேட் போதாததால் வருவது. பாஸ்பேட்டைக் கூட்டினால் குறைவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பச்சை நூல் பாசியைப் பழைய பல்துலக்கியில் சுற்றி இழுத்து எடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை. நீலப்பச்சைப் படலம் போல மண்ணை மூடி, தொட்டதும் துணியாக உரிந்து, மண்வாடை வீசுவது பாசியே அல்ல, சயனோபாக்டீரியா. உறிஞ்சி எடுத்து, ஓட்டத்தைக் கூட்டி, நைட்ரேட்டைப் பூஜ்யத்திலிருந்து உயர்த்தி, மூன்று நாள் இருட்டடிப்புச் செய்தால் போய்விடும். இதற்கு எரித்ரோமைசின் மாத்திரையைக் கரைக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மனிதருக்கான ஆன்டிபயாடிக்கைத் தொட்டியில் கரைத்துச் சாக்கடைக்கு அனுப்புவதை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். ஓட்டமும் இருட்டும் செய்யாத வேலையை அது செய்துவிடப் போவதில்லை.

பாசி தின்னும் உயிர்களில் எனக்கு மிகவும் பிடித்தது அமானோ இறால். ஜப்பானின் நீகாதாவில் 1954ல் பிறந்த தகாஷி அமானோ, புகைப்படக் கலைஞர், இயற்கை பாணிச் செடித்தொட்டியை உலகுக்குக் காட்டியவர். 1980களில் இந்த இறாலைப் பாசிக்காகத் தொட்டியில் விட்டுப் பிரபலமாக்கினார். 2015ல் மறைவதற்குச் சில மாதங்கள் முன்பு லிஸ்பன் மீன்காட்சியகத்தில் 40 மீட்டர் நீளத் தொட்டியை அமைத்துவிட்டுப் போனார். அத்தனை பெரிய கலைஞர் பாசிக்கென்று நம்பியது இரண்டங்குல இறாலை. அதன் குஞ்சுகள் வளர உப்புத் தண்ணீர் வேண்டும் என்பதால் வீட்டில் பெருகாது, விலையும் கூட. கிடைக்காதவர்கள் செர்ரி இறால் விடலாம். கண்ணாடிக்கு நெரைட் நத்தை. சயாமீஸ் ஆல்கே ஈட்டர் கறுப்புத் தாடியைத் தின்னும், ஆனால் அரையடி வளரும், அதற்கு இரண்டடித் தொட்டி போதாது.

"டேங்க் கிளீனர்" என்று கடைகளில் தரும் சக்கர் மீனை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். தென்னமெரிக்க மீன், ஓரடிக்கு மேல் வளரும், தின்னும் பாசியைவிடக் கழிவு அதிகம். செடியையும் பிடுங்கும். வளர்ந்தபின் வீட்டில் வைக்க முடியாமல் ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடுகிறார்கள். இன்று தமிழ்நாடு, ஆந்திரா, கேரளத்து நீர்நிலைகளில் அது பெருகிக் கிடக்கிறது. முள்ளான உடம்பால் மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது, கரையைக் குடைகிறது. கையில் இருப்பதைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். வெட்டிய செடிகளையும் வாய்க்காலில் போட வேண்டாம், வெயிலில் காயவைத்துப் பூந்தொட்டிக்கு எருவாக்கலாம்.

இத்தனையும் செய்தபிறகு பாசி குறைகிறதா என்று பார்க்கப் பழைய இலைகளை உற்றுப் பார்க்காதீர்கள். பாசி பிடித்த இலை பழையபடி ஆகாது. அவற்றை ஒரே நாளில் எல்லாம் வெட்டாமல் வாரத்துக்குக் கொஞ்சமாக வெட்டிவிடுங்கள். செடியின் நுனியில் புதிதாக விரியும் இலைகளைக் கவனியுங்கள். அவை சுத்தமாக, சுருளாமல், நிறம் வெளிறாமல் வந்தால் வழி சரி. இரண்டு வாரம் அப்படியே தொடர்ந்தால் விளக்கை அரை மணி நேரம் கூட்டுங்கள். அடுத்த அரை மணி நேரத்துக்கு இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள்.